முக்காலியில் திரும்பும் ஆறு

வெள்ளி, முக்காலி

கோயம்புத்தூரில் வாடகை வீடு பார்க்கப் போனால் அட்வான்ஸ் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் "சிறுவாணித் தண்ணி வருதுங்களா?" என்று கேட்பார்கள். வருகிறது என்று சொல்லும்போது வீட்டுக்காரர் குரலிலேயே ஒரு மிடுக்கு தெரியும். என் அப்பா மில்லில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனாலும் வீட்டுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகிற ஆள். போன மாதம் அவருக்கு ஒரு ஆசை வந்தது. "இத்தன வருஷமா குடிக்கிறோம், அது வர்ற மலைய ஒரு தடவ பாத்துட்டு வந்தரலாம் கண்ணு" என்றார். சரி என்று கிளம்பிவிட்டோம்.

சிறுவாணி அணை கோவை மாவட்டத்தில் இருப்பதாக எங்கள் ஊரிலேயே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அணை இருப்பது கேரளாவில், பாலக்காடு மாவட்டத்தின் முத்திக்குளம் மலையில். 1973-ல் இரண்டு மாநிலமும் ஒப்பந்தம் போட்டு, தமிழ்நாடு பணம் கொடுக்க, கேரளா கட்டிக்கொடுத்தது. மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தண்ணீர் நம் பக்கத்து அடிவாரத்துக்கு வருகிறது. நகரத்தின் இன்னொரு பங்குக்குக் குடிக்கக் கிடைப்பது பில்லூர்த் தண்ணீர், அதாவது பவானி. அந்தப் பவானியும் அட்டப்பாடிக்குள் போய்ச் சுற்றிவிட்டுத்தான் பில்லூருக்கு வருகிறது. ஆக, கோவைக்காரர்கள் காலையில் குழாயைத் திறக்கும்போது வருவதில் பெரும்பங்கு எல்லைக்கு அந்தப் பக்கத்துக் காடு அனுப்பிவைப்பது.

அணைக்குப் போக அனுமதி வாங்க வேண்டும், நினைத்த நாளில் கிடைக்கிற விஷயமில்லை. அதனால் அதே மலைகளை மறுபக்கமாகச் சுற்றிவருவது என்று முடிவு செய்தோம். பாலக்காடு, மண்ணார்க்காடு வழியாக ஏறி, அட்டப்பாடியைக் கடந்து, ஆனைக்கட்டி வழியாக வீடு திரும்பும் திட்டம்.

உக்கடத்தில் பஸ் ஏறியதிலிருந்து மண்ணார்க்காடு வரை சொல்ல பெரிதாக ஒன்றுமில்லை, வெயிலும் ஹாரனும்தான். மட்ட அரிசிச் சோறு சாப்பிட்டுவிட்டு அட்டப்பாடி பஸ்ஸில் உட்கார்ந்தோம். சுரம் ஏற ஆரம்பித்து ரெண்டு மூன்று கொண்டை ஊசி தாண்டியதும் ஜன்னல் காற்று மாறிவிட்டது. மாசி மாதம், கீழே எல்லாம் காய்ந்து கிடக்கிறது, இங்கே பாறை இடுக்கில் ஈரம் கசிகிறது. அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேச்சே இல்லாமல் வந்தார்.

முக்காலி ஒரு சின்னக் கடைத்தெரு. வனத்துறை அலுவலகத்தில் நாளைக்கு ஜீப்புக்குப் பதிந்துவிட்டு, வெயில் தாழ ஆற்றங்கரைக்குப் போனோம். இந்த இடத்தைப் பற்றி நான் வரைபடத்தில் மட்டும் பார்த்திருந்தேன். பவானி நீலகிரியில் பிறந்து தெற்கே இறங்கிக் கேரளாவுக்குள் வருகிறது. அப்படியே மேற்கே போய் அரபிக்கடலில் விழுந்திருந்தால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். ஆனால் முக்காலிக்கு வந்ததும் ஒரே திருப்பமாகத் திரும்பி வடகிழக்கே தமிழ்நாட்டைப் பார்த்து ஓட ஆரம்பிக்கிறது. கேரளாவில் 44 ஆறுகள், அதில் 41 மேற்கே ஓடுகின்றன. கிழக்கே ஓடுவது கபினி, பவானி, பாம்பாறு என்ற மூன்றுதான். இங்கே திரும்பாமல் போயிருந்தால் பில்லூருக்கு இந்தத் தண்ணீர் இல்லை, பவானிசாகர் நிரம்புவது எப்படி, சத்தியமங்கலத்திலும் கோபியிலும் நெல் ஏது. டீக்கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் நல்ல தமிழில், "நீங்க எல்லாம் குடிக்கிறதுக்குத்தான் நாங்க இங்க சோப்புப் போடாமக் குளிக்கணும்னு சொல்றாங்க" என்றார். சொல்வது யாரென்று கேட்டேன். "வார்டு மெம்பர்" என்றார்.

சனி, சைரந்திரி

அமைதிப் பள்ளத்தாக்கு, அதாவது சைலன்ட் வேலி தேசியப் பூங்காவுக்கு உள்ளே சொந்த வண்டியில் போக முடியாது. முக்காலியிலிருந்து சைரந்திரிக்கு 23 கிலோமீட்டர், வனத்துறை ஜீப்பில்தான், கூட வழிகாட்டி வருவார். பிளாஸ்டிக் எடுத்துப்போகக் கூடாது. எங்களுடன் வந்த தம்பி முடுகர் என்ற ஆதிவாசிகளின் ஊரைச் சேர்ந்தவர், இருபத்தைந்து வயது இருக்கும். என்னைச் சேச்சி என்றும் அப்பாவை ஐயா என்றும் கூப்பிட்டு, தமிழும் மலையாளமும் கலந்து பேசிக்கொண்டே வந்தார்.

முதலில் காப்பித் தோட்டம், அப்புறம் இலையுதிர் காடு. இலையெல்லாம் கொட்டி மரங்கள் மொட்டையாக நிற்க, வாட்சர்கள் ரோட்டோரம் சருகை அகலமாகக் கூட்டித் தள்ளித் தீத்தடுப்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பீடித் துண்டு போதும் இந்தச் சமயத்தில். கூட்டிய இடத்தில் மறுபடி சருகு விழும், மறுபடி கூட்ட வேண்டும், மழை வரும்வரை இதே வேலை. இவர்கள் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வருவதில்லை. அமைதிப் பள்ளத்தாக்கைக் காப்பாற்றியவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டால் இந்தத் துடைப்பக்காரர்களை அதில் நான் மேலேயே எழுதுவேன்.

ஒரு வளைவு தாண்டியதும் வெளிச்சம் சட்டென்று குறைந்தது. பசுமைமாறாக் காடு தொடங்கிவிட்டது. கொஞ்சம் உள்ளே போனதும் தம்பி எஞ்சினை நிறுத்திவிட்டு மேலே கை காட்டினார். வெடிப்பலா மரம். பலாவைப் போல இதிலும் பூக்கள் கிளைமேலேயே கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன, பழுப்பு மஞ்சள் நிறம், இதழே இல்லாத சதைப்பற்றான பூ. அதன் நடுவே சோலைமந்திகள், நாம் சிங்கவால் குரங்கு என்கிறோமே அவை. கருகருவென்று உடம்பு, முகத்தைச் சுற்றிச் சாம்பல் பிடரி. ஒரு தாய்க்குரங்கு எங்கள் தலைக்கு நேர் மேலே உட்கார்ந்து, ஒவ்வொரு பூவாகக் கிள்ளி, இரண்டு விரலால் பிளந்து, உள்ளே இருக்கும் தேனை நக்கிவிட்டுச் சக்கையை எங்கள் ஜீப் மேல் போட்டது. அதன் வயிற்றில் தொங்கிய குட்டிக்கு இன்னும் பிடரி முளைக்கவில்லை. அது ஒரு பூச்சக்கையைப் பிடித்து வாயில் வைத்துப் பார்த்து, பிடிக்காமல் விட்டது. பக்கத்துக் கிளையில் ஒரு மலை அணிலும் இதையே தின்றுகொண்டிருந்தது. வேறு எதுவும் அதிகம் காய்க்காத இந்த மாதங்களில் வெடிப்பலாதான் இவற்றுக்குச் சாப்பாடு என்றார் தம்பி. இந்த மரத்தை எடுத்துவிட்டால் இந்தக் குரங்கு இங்கே இருக்காது. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறு எந்தக் காட்டிலும் இது கிடையாது.

அப்பா ஜீப்பிலிருந்து இறங்க அனுமதி கேட்டார். இறங்கியவர் குரங்கைப் பார்க்கவில்லை, குனிந்து சருகை விலக்கினார். மேலே காய்ந்த இலை, அடியில் கறுத்த இலை, அதற்கும் அடியில் இலை எது மண் எது என்று பிரிக்க முடியாத ஒன்று, வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை நூல், மெல்லிய வேர்கள். கையில் அள்ளிப் பிழிந்தார். விரலிடுக்கில் ஈரம் வந்தது. "எப்ப மழ பேஞ்சுது தம்பி?" "ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு ஐயா." அப்பா கையைக் கழுவாமல் அப்படியே வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். ஆனி ஆடியில் கொட்டுகிற மழையைக் காடு இப்படிப் பிடித்துவைத்துக்கொண்டு மாசியிலும் பங்குனியிலும் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது, அதனால்தான் கோடையிலும் ஆறு ஓடுகிறது. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், ஆனால் அப்பா கை ஈரத்தைப் பார்த்த பிறகு எனக்கு அது வேறு மாதிரி தெரிகிறது.

சைரந்திரியில் நூறடி உயரத்துக்கு ஒரு கண்காணிப்புக் கோபுரம். மேலே ஏறினால் நாலாபக்கமும் காடு, ஒரு கட்டடம் இல்லை, ஒரு கம்பி இல்லை. வடக்கே நீலகிரியின் புல்வெளி மலைகள். நடுவில் குந்திப்புழை. அங்கிருந்து நடந்து இறங்கினால் ஆற்றின் மேல் தொங்குபாலம். "அணை எங்க வர்றதா இருந்துது?" என்று அப்பா கேட்க, தம்பி ஆற்றின் இரண்டு கரையிலும் மலை நெருங்கி வரும் இடத்தைக் காட்டினார். அணை கட்டுபவன் எவனும் ஆசைப்படத்தான் செய்வான், அவ்வளவு தோதான இடுக்கு. கிட்டத்தட்ட 130 மீட்டர் உயரத்துக்குச் சுவர் எழுப்பி, 120 மெகாவாட் மின்சாரம் எடுப்பது திட்டம். 1973-ல் திட்டக் கமிஷன் ஒப்புதல் கொடுத்தது. சுமார் 830 ஹெக்டேர் மழைக்காடு தண்ணீருக்குள் போயிருக்கும்.

அதை எதிர்த்தவர்களில் பெரும்பாலானவர்கள் இந்தப் பள்ளத்தாக்கைப் பார்த்ததே கிடையாது. எனக்கு இன்றைக்கு முழுவதும் மனதில் ஓடுவது இதுதான். சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கர் மாதிரி வந்து பார்த்துவிட்டு எழுதியவர்கள் சிலர். அதற்கப்புறம் அதைத் தூக்கிச் சுமந்தது கேரள சாஸ்த்ர சாகித்ய பரிஷத், அதாவது சமவெளி ஊர்களின் பள்ளி வாத்தியார்களும் கல்லூரி மாணவர்களும். தாவரவியல் பேராசிரியர் எம்.கே. பிரசாத் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பேசினார். கவிஞர் சுகதகுமாரி கவிதையோடு தெருவுக்கு வந்தார். சாலிம் அலி மத்திய அரசுக்கு எடுத்துச் சொன்னார். குரங்கு முக்கியமா மனுசன் முக்கியமா என்று அவர்களை நோக்கிக் கேட்டார்கள். அந்தக் கேள்வியை லேசாக ஒதுக்கவும் முடியாது, மலபாரில் அன்றைக்கு மின்சாரப் பற்றாக்குறை நிஜமாகவே இருந்தது. பரிஷத்காரர்கள் காட்டைப் பற்றி மட்டும் பேசியிருந்தால் தோற்றிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். மின்சாரத்தை வேறு எப்படிக் கொண்டுவரலாம் என்று கணக்குப் போட்டு அறிக்கையாகக் கொடுத்தார்கள். எம்.ஜி.கே. மேனன் தலைமையிலான குழு ஆராய்ந்த பிறகு 1983-ல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பரில் தேசியப் பூங்கா அறிவிப்பு, 1985 செப்டம்பரில் ராஜீவ் காந்தி வந்து திறந்துவைத்தார்.

அதோடு முடிந்துவிடவில்லை. இருபது வருஷம் கழித்து இதே ஆற்றில் கொஞ்சம் கீழே பாத்ரக்கடவு என்ற இடத்தில் 70 மெகாவாட் திட்டம் ஒன்று கிளம்பியது. மறுபடி எதிர்ப்பு. 2007-ல் பூங்காவைச் சுற்றி 148 சதுர கிலோமீட்டரைக் காப்பு வளையமாகச் சேர்த்தார்கள்.

திரும்பும்போது தம்பியிடம் அவர் ஊர்க்காரர்கள் அப்போது என்ன நினைத்தார்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "எங்க அச்சன்ட அச்சன் சொல்லியது, ரெண்டு கூட்டமும் வந்து எங்களுக்கு வேண்டித்தான்னு சொன்னாங்க, எங்ககிட்ட ஆரும் கேக்கல." அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது அவருக்கு இங்கே வேலை, அவர் அண்ணன் வாட்சர். மூன்று தலைமுறை தாண்டி அந்தப் பதில் இப்படி வந்து நிற்கிறது.

ஞாயிறு, கூளிக்கடவு

முக்காலியிலிருந்து அரை மணி நேரம் கிழக்கே வந்தால் வேறு நாடு. ஈரமெல்லாம் மேற்கே நின்றுவிட, இங்கே மழைமறைவு. முள் மரம், செம்மண், வெயில். கூளிக்கடவு பக்கம் பெரியம்மா வீடு. பெரியப்பாவின் அப்பா காலத்தில் பல்லடம் பக்கத்திலிருந்து நிலம் மலிவு என்று வந்து குடியேறிய குடும்பம். அப்படி வந்தவர்கள் இங்கே ஏராளம், கிழக்கேயிருந்து நாம், மேற்கேயிருந்து மலையாளிகள். 1951 கணக்கெடுப்பில் அட்டப்பாடியில் பத்துக்கு ஒன்பது பேர் இருளர், முடுகர், குறும்பர். இன்றைக்குப் பாதிக்கும் கீழே. நிலம் எப்படிக் கை மாறியது என்பது எல்லோருக்கும் தெரியும், பெரியம்மாவே சொன்னார், "ரெண்டு மூட்ட ராகிக்கும் ஒரு வேட்டிக்கும் எழுதிக் குடுத்தாங்க கண்ணு, வாங்குனவங்க மேலயும் தப்புத்தான்." அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவர் கையால் களியும் கீரையும் சாப்பிட்டுக்கொண்டு இதைக் கேட்பது எளிதாக இல்லை.

காடு வெட்டியது அந்தக் குடியேற்றத்தோடு சேர்ந்து நடந்தது. மரம் போனது, அப்புறம் மண் போனது, மழை பெய்தால் பவானி செக்கச்செவேலென்று ஓடும் என்கிறார்கள். எண்பதுகளில் சுகதகுமாரியும் கூட இருந்தவர்களும் பொம்மியாம்படியில் ஒரு மொட்டைக் குன்றை எடுத்துக்கொண்டு, ஆடு மாடு ஏறாமல் காவல் போட்டு, கன்று நட்டு மரமாக்கினார்கள். கிருஷ்ணவனம் என்று பெயர். சுகதகுமாரி 2020 டிசம்பரில் இறந்துவிட்டார். மாலை வெயில் வருவதற்குள் போய்ப் பார்த்தோம். மேற்கே நேற்றுப் பார்த்த காட்டோடு இதை ஒப்பிடவே கூடாது, இது வறண்ட நிலத்துக் காடு, உயரம் குறைவு. ஆனால் உள்ளே நடந்தால் காலடியில் சருகு இருக்கிறது, பறவைச் சத்தம் இருக்கிறது. அமைதிப் பள்ளத்தாக்குக்காகப் போராடிய ஒருவர், வெற்றிக்கு அப்புறம் வீட்டுக்குப் போகாமல், அதன் பக்கத்திலேயே யாரும் கண்டுகொள்ளாத மொட்டைக் குன்றுக்கு வந்திருக்கிறார். இதைப் பற்றி இன்னும் அதிகமாகப் பேச வேண்டும் என்பது என் எண்ணம்.

பின்னால் ஜப்பான் கடனுதவியில் அரசாங்கமே பெரிய அளவில் இறங்கியது. அட்டப்பாடி மலைப்பகுதி மேம்பாட்டுச் சங்கம், சுருக்கமாக அஹாட்ஸ் என்று சொன்னால் அகளியில் எல்லோருக்கும் தெரியும். ஊர் ஊராக ஆதிவாசிகளின் சமிதி அமைத்து, தடுப்பணை, வரப்பு, கன்று நடுதல் என்று 2010 வரை வேலை நடந்தது. பக்கத்து ஊர் இருளர் பாட்டி ஒருவர் அதில் குழி வெட்டிக் கூலி வாங்கியவர். பெரியம்மாவுக்கு முப்பது வருஷச் சிநேகிதி, இருவரும் ஒருவரை ஒருவர் "ஏ புள்ள" என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். பாட்டியிடம் நட்ட மரமெல்லாம் இருக்கிறதா என்று கேட்டேன். "கூலி குடுத்த வரைக்கும் தண்ணி ஊத்துனோம். அப்பறம் மழ ஊத்துன எடத்துல நிக்குது."

அவர்கள் ஊரில் மூப்பன், வண்டாரி, குறுதலை என்று பொறுப்புகள் உண்டு, அதோடு மண்ணூக்காரன் என்று ஒருவர். நிலம் சம்பந்தப்பட்டது எல்லாம் அவர் பொறுப்பு. எப்போது விதைப்பது, எந்தக் காட்டை இந்த வருஷம் சும்மா விடுவது என்று அவர்தான் சொல்வார், முதல் விதையும் அவர் கையால்தான் விழும். விதைப்பன்று கொட்டும் குழலுமாகக் கம்பளம் என்ற ஆட்டம் ஆடுவார்கள். ராகி, சாமை, துவரை, அவரை எல்லாம் ஒரே காட்டில் கலந்து வரும். அட்டப்பாடித் துவரைக்கும் ஆட்டுக்கொம்பு அவரைக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பாட்டி மடியிலிருந்து ஒரு கை அவரை விதை எடுத்துக் காட்டினார். அந்தக் காய் நிஜமாகவே ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்திருக்குமாம். அப்பா கேட்டு வாங்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

சாயங்காலம் சிறுவாணி வந்து பவானியில் சேரும் இடத்துக்குப் போனோம். அணைக்குக் கீழே மிச்சமுள்ள சிறுவாணி. தண்ணீர் கணுக்கால் அளவுதான். ரெண்டு பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்கு மேற்கே ஒரு கார் நின்றது, நம்பர் பிளேட் எங்கள் ஊர். நாலைந்து பையன்கள் பாறைமேல் உட்கார்ந்து குடித்துவிட்டு பாட்டிலைப் பாறையில் அடித்தார்கள். அப்பா நேராகப் போனார். நான் பயந்துவிட்டேன். "தம்பி, எந்த ஏரியா நீங்க?" சாயிபாபா காலனி என்றார்கள். "இந்த ஆத்துல ஒடச்சா நம்ம ஊட்டுக் கொழாய்ல வரும்டா" என்று சொல்லிவிட்டு அவரே குனிந்து கண்ணாடித் துண்டைப் பொறுக்க ஆரம்பித்தார். ஒரு பையன் இறங்கி வந்து கூடப் பொறுக்கினான். மற்றவர்கள் வரவில்லை. துவைத்துக்கொண்டிருந்த அக்கா, நாளைக்குப் பிள்ளைகள் இறங்குகிற இடம் என்று எங்களுக்கு ஒரு பழைய அரிசிப் பை கொடுத்தார், பாதிப் பை நிறைந்தது.

திங்கள், தடாகம்

அடுத்த வாரம் சிவராத்திரி. மல்லீஸ்வரன் முடிக்கு ஏறுவதற்கு ஆதிவாசி ஊர்களில் இப்போதே விரதம். பெரியம்மா அதுவரை இருந்துவிட்டுப் போகச் சொன்னார், எனக்கு லீவு இல்லை. ஆனைக்கட்டியில் எல்லை. ஒரு பள்ளத்தைத் தாண்டினால் தமிழ்நாடு. பறவைகளுக்கான சாலிம் அலி மையம் இங்கேதான் இயங்குகிறது. மலையிறங்கி மாங்கரை வந்ததும் அப்பா, சின்னத்தடாகத்தில் இறங்கலாம் என்றார். மில்லில் அவரோடு வேலை பார்த்த ஒருவர் அங்கே தோட்டம் வைத்திருக்கிறார், நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

தடாகம் பள்ளத்தாக்கு மூன்று பக்கமும் மலை. எங்கள் ஊர்க் கட்டடங்களுக்குப் போகும் சேம்பர் செங்கல் இங்கேதான் வெந்தது. எங்கள் வீடும் அந்தக் கல்லில் கட்டியதுதான். நூற்றுக்கும் மேற்பட்ட சூளைகள் பல வருஷம் ஓடின. நீதிமன்றம் வரை போய், 2021-ல் எல்லாம் மூடப்பட்டன. மாமா எங்களைப் பக்கத்து நிலத்துக்குக் கூட்டிப்போனார். நிலம் என்று சொல்ல ஒன்றுமில்லை, செங்குத்தாக வெட்டிய குழி, மூன்று ஆள் ஆழம் இருக்கும். நடுவில் ஒரே ஒரு பனைமரம், அதைச் சுற்றி ஒரு பாத்தி அளவு மண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் தோண்டியிருக்கிறார்கள். மண் தூண் மேல் பனை நிற்கிறது. தூணின் பக்கவாட்டில் வேர்கள் வெளியே தொங்குகின்றன. பக்கத்தில் ஓடை. ஓடைக்குக் குறுக்கே முன்பு கட்டிய தடுப்பணை இப்போது அந்தரத்தில் இருக்கிறது, ஓடை அதற்கு எட்டடி கீழே போய்விட்டது. மழை வந்தால் தண்ணீர் குழிக்குள் இறங்கி நின்றுவிடும், கீழே போகாது.

இந்தப் பள்ளங்கள் சேர்ந்துதான் சங்கனூர்ப் பள்ளத்துக்குத் தண்ணீர். எங்கள் வீடு கவுண்டம்பாளையம். சங்கனூர்ப் பள்ளம் எங்கள் தெருவிலிருந்து நடக்கிற தூரம், அப்பா சின்ன வயதில் அதில் மீன் பிடித்திருக்கிறார், எனக்கு அது சாக்கடையாகத்தான் தெரியும்.

யானைக்கதையும் இங்கே உண்டு. சூளையில் எரிக்கப் பனைமரங்களை வெட்டிக்கொண்டுவந்து போடுவார்கள். பனையின் உள்சோறு யானைக்கு உயிர். அதைத் தேடி வந்து பழகிய யானைகள் தோட்டங்களுக்கும் வந்தன. விநாயகன் என்ற யானையை 2018 கடைசியில் பிடித்து முதுமலைக்குக் கொண்டுபோனார்கள். 2019 ஜனவரியில் சின்னத்தம்பியைப் பிடித்து டாப்சிலிப்பில் விட்டார்கள். அவன் அங்கே நிற்கவில்லை, இறங்கி உடுமலை, மடத்துக்குளம் என்று ஊர் ஊராக நடந்தான், தமிழ்நாடே டிவியில் பார்த்தது. மறுபடி பிடித்து வரகளியாறில் கூண்டில் அடைத்துக் கும்கியாகப் பழக்கினார்கள். "எங்க கரும்பு, வாழ எல்லாம் தின்னான்தான்" என்றார் மாமா. "ஆனா அவன இங்க கூப்புட்டது யாரு? பனையக் கொண்டாந்து குமிச்சுப் போட்டவங்கதான?" சின்னத்தம்பியை லாரியில் ஏற்றிய அன்று மாமா சாப்பிடவில்லை என்று அத்தை உள்ளேயிருந்து சொன்னார்.

சனிக்கிழமையிலிருந்து மனதில் ஓடியதற்கு இங்கே வந்துதான் ஒரு வடிவம் கிடைத்தது. பார்க்காத காட்டுக்காக ஒரு மாநிலம் முழுக்கப் பேசியது பெரிய விஷயம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே எதிரே நின்றது ஒரு திட்டம். இங்கே எதிரே நிற்பது சொந்தக்காரன். சூளை வைத்தவர்கள் மாமாவின் பங்காளிகள், லாரி ஓட்டியவன் அவர் தங்கை மகன், நிலத்தை மண்ணுக்கு விற்றவர் கோயில் கமிட்டியில் கூட உட்காருகிறவர். சூளைகளுக்கு எதிராக மாமா மனு போட்ட வருஷம் வீட்டு விசேஷத்துக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. சூளை மூடியபோது வேலை போனவர்கள் இன்னும் அவரைத்தான் திட்டுகிறார்கள், அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்று அவரே சொல்கிறார், அவர்களுக்கு வேறு வேலைக்கு யாரும் வழி செய்யவில்லை. பக்கத்து ஓடையைக் காப்பாற்றுவதற்கு அமைதிப் பள்ளத்தாக்கைக் காப்பாற்றுவதை விட அதிகத் தெம்பு வேண்டியிருக்கிறது. அதற்குக் கவிதையும் வராது, பிரதமரும் வர மாட்டார்.

மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்துக்குக் கிராமசபை கூடும். அதில் வைக்க மாமா ஒரு பட்டியல் தயாரிக்கிறார், எந்தப் பள்ளம், எந்த சர்வே எண், குழி எவ்வளவு நீளம், எவ்வளவு ஆழம், எந்தத் தடுப்பணை தண்ணீருக்கு எட்டாமல் நிற்கிறது. நாற்பது பக்க நோட்டில் பதினாறு பக்கம் எழுதியிருக்கிறார். தனி ஆளாக டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆளில்லாமல் பாதி அளவுகளைக் காலடியால் அளந்து குறித்திருக்கிறார், அதிகாரிகள் காலடிக் கணக்கை ஏற்க மாட்டார்கள். அப்பா அதை வாங்கி மில் ரிஜிஸ்டர் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். அப்புறம் பேனா கேட்டு, காலடியில் அளந்த இடங்களை எல்லாம் வட்டம் போட்டார். வியாழக்கிழமை காலை ஐம்பது மீட்டர் டேப்போடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். நான் ஞாயிறு வந்து எல்லாவற்றையும் டைப் அடித்து, போனில் படமெடுத்து, ஒவ்வொரு குழிக்கும் இடக்குறிப்பு சேர்த்துத் தர வேண்டும். படத்துக்குக் காலை ஒன்பதுக்குள் வந்தால்தான் குழிக்குள் வெளிச்சம் விழும் என்று மாமா சொன்னார், அதனால் ஆறரை மணி ஆனைக்கட்டி பஸ்.